ஏழாம் பெட்டின் தலைமாடு

முதுகுத்தண்டில் ஒரு டிஸ்க் விலகிக்கொண்டதால் ஐம்பத்து மூன்று வயதிலேயே வேலையிலிருந்து விலகிக்கொண்டவன் நான். பெங்களூர் மல்லேஸ்வரத்தில் வீட்டு பால்கனியில் உட்கார்ந்து, குனியாமல் செய்யக்கூடிய ஒரே வேலையான காபி குடிப்பதைச் செய்துகொண்டிருந்தபோது போன் வந்தது. நான் வேலை பார்த்த ஐசியூவில் இப்போது பொறுப்பில் இருக்கும் சிஸ்டர்.

"பிரதர், புதுசா ஒரு பேட்ச் சேர்ந்திருக்கு. வென்டிலேட்டர்ல இருக்கிறவங்களுக்கு நிமோனியா எதனால வருதுன்னு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்க. நாங்க சொன்னா தூங்கறாங்க. நீங்க எழுதினா சிரிச்சிக்கிட்டே படிப்பாங்க."

ஆண் நர்ஸை எங்கள் ஊர் ஆஸ்பத்திரிகளில் பிரதர் என்பார்கள். அதனால் எனக்கு ஊரெல்லாம் கூடப்பிறந்தவர்கள். ஆனால் நிமோனியாவைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்க எழுதச் சொன்ன முதல் தங்கை இவர்தான். காரணங்களை வரிசையாக எழுத உட்கார்ந்தேன். குழாய் எத்தனை நாள் உள்ளே இருந்தது, மயக்க மருந்து, மட்டமாகப் படுத்திருப்பது, அழுக்கு வாய், ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நோயாளியைத் தள்ளிக்கொண்டு போவது... எழுதியதைப் படித்துப் பார்த்தால் எனக்கே தூக்கம் வந்தது. கிழித்துப் போட்டுவிட்டு முனிரத்தினத்தைப் பற்றி எழுதுகிறேன். மேலே சொன்ன அத்தனையும் அவரிடம் இருந்தது.

அதற்கு முன் என்னைப் பற்றிக் கொஞ்சம். படித்த காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: படித்தேன், பயந்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வென்டிலேட்டர் முதன்முதலாக அலறியதும் நான் தலைதெறிக்க ஓடினேன். நோயாளியிடம் அல்ல, வாசலுக்கு. எதிரே வந்த டாக்டர் வசுதா மேடம் என்னை நிறுத்தி, "பேஷன்ட் அந்தப் பக்கம் இருக்காங்க, தாமோதரன்" என்று மட்டும் சொன்னார். திரும்பி ஓடினேன். அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை என் பயம் குறையவில்லை. ஓடுகிற திசை மட்டும் சரியானது.

வசுதா மேடம் எங்கள் ஐசியூவின் தலைமை டாக்டர். வட கர்நாடகத்தில் தார்வாட் பக்கத்துக்காரர். எங்களோடு பழகிப் பழகி வந்த தமிழ், கோபம் வந்தால் கன்னடம், ரொம்பக் கோபம் வந்தால் மௌனம். ரவுண்ட்ஸ் வரும்போது மற்ற டாக்டர்கள் முதலில் மானிட்டரைப் பார்ப்பார்கள். இவர் கால்மாட்டில் வந்து நின்று, படுக்கையின் சாய்வைப் பார்ப்பார். தலைப்பக்கம் சாய்வு நாற்காலி போல உயர்ந்திருக்க வேண்டும். மட்டமாகப் படுத்தால் வயிற்றில் இருப்பது மேலே ஏறும், வாயில் இருப்பது கீழே இறங்கும், இரண்டும் போய்ச் சேருகிற இடம் நுரையீரல். ஆனால் சாய்த்து வைத்த மனுஷன் சும்மா இருப்பதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சறுக்கிக் கால்மாட்டுக்கு வந்துவிடுவார். படுக்கை உயர்ந்திருக்கும், ஆள் மட்டமாகக் கிடப்பார். அப்படி ஒருவரைக் கண்டால் மேடம் என்னைத் திரும்பிப் பார்த்து, "இவர் சறுக்கினாரா, நீங்க சறுக்கினீங்களா?" என்பார்.

ஒருமுறை எங்கள் எல்லோரையும் காலிப் படுக்கையில் ஒவ்வொருவராகப் படுக்க வைத்தார். சாய்வு பிடித்திருக்கிறதா, எங்கே உறுத்துகிறது, எப்போது சறுக்குகிறது என்று அவரவரே தெரிந்துகொள்ள. என் முறை வந்தபோது நான் தூங்கிப்போனேன். மேடம் எழுப்பவில்லையாம். "சாய்வு சரியா இருக்குன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம்.

முனிரத்தினம் அல்சூரில் ஆட்டோ ஓட்டியவர். நாற்பதுகளின் நடுவில் இருந்தார். ஒரு வயிற்றுப்போக்கு வந்து சரியானது. அடுத்த வாரம் கால் விரல்கள் மரத்தன. பிறகு முழங்கால், இடுப்பு, கை. நரம்புகளைத் தாக்கிக்கொண்டே மேலேறும் ஒரு நோய். நெஞ்சுக்கு வந்தபோது மூச்சுத் தசைகளும் நின்றன. எங்களிடம் வந்ததும் குழாய் போட்டு வென்டிலேட்டரில் சேர்த்தோம். நாட்கள் நீளும் என்று தெரிந்ததும் தொண்டையில் சிறு துளையிட்டு அதன் வழியாகக் குழாயை மாற்றினார்கள். நல்ல செய்தி, இந்த நோயில் நரம்புகள் பெரும்பாலும் மெதுவாகத் திரும்பி வரும். கெட்ட செய்தி, அவை வரும்வரை நுரையீரலைக் காப்பாற்றி வைக்க வேண்டும். மூச்சு தரும் அதே குழாய்தான் கிருமிகளுக்கும் வழி போட்டுக் கொடுக்கிறது. போதாததற்கு அவர் பல வருஷம் பீடி குடித்தவர், சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டு வாசலில் புகையை ஓசியாகவும் குடித்தவர்.

இந்த நோயில் கொடுமை என்னவென்றால், ஆள் முழு நினைவோடு இருப்பார். அறிவு தெளிவு, காது தெளிவு. அசைவது கண் மட்டும். குழாயால் குரலும் கிடையாது. "ஆமாம்னா மேலே பாருங்கண்ணா, இல்லைன்னா கண்ணை மூடுங்க" என்று அவருக்கு ஒரு பாஷை ஏற்படுத்தினேன். என்னைவிட இளையவர்தான். ஆனாலும் பெங்களூரில் ஆட்டோ ஓட்டுகிற யாரும் எல்லோருக்கும் அண்ணாதான்.

பகலில் நன்றாகத்தான் இருந்தார். தூங்க வேண்டிய நேரத்தில்தான் தகராறு. விளக்கைக் குறைத்தால் நாடித்துடிப்பு ஏறும், வியர்க்கும், இயந்திரம் தரும் மூச்சோடு சண்டை போடுவார். அலாரம், அதைக் கேட்டு நான், இரண்டும் சேர்ந்து அலறும். வேறு வழியில்லாமல் மயக்க மருந்து கொடுத்துத் தூங்க வைப்போம். அது மறுநாள் பகல்வரை நிற்கும். மருந்தில் இருப்பவருக்குச் சளியை எழுப்பும் கொஞ்சநஞ்ச முயற்சியும் போய்விடும். மூச்சுத் தசைகளைப் பழக்க நேரமும் கிடைக்காது. வென்டிலேட்டர் நாட்கள் நீளும். ஒவ்வொரு காலையும் மேடம் மருந்தை நிறுத்துவார், ஒவ்வொரு முறை விளக்கணையும்போதும் அது திரும்ப ஆரம்பிக்கும்.

காரணம் தெரிந்தாக வேண்டும் என்று ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து விசாரணையை ஆரம்பித்தேன்.

"எங்கயாவது வலிக்குதாண்ணா?"

மேலே பார்த்தார். ஆமாம்.

"முதுகா?" ஆமாம். "காலா?" ஆமாம். "அரிப்பா?" ஆமாம். எனக்குப் பதற்றம் ஏறியது. உடம்பு முழுக்க ஏதோ ஆகிவிட்டது! "பயமா இருக்கா?" ஆமாம். "பசிக்குதா?" ஆமாம். "டீ வேணுமா?" ஆமாம்.

சந்தேகம் வந்து, "நான் அழகா இருக்கேனா?" என்றேன். அதற்கும் மேலே பார்த்தார். அப்போதுதான் எங்கேயோ தப்பு நடக்கிறது என்று புரிந்தது. என் கேள்விக்கு அவர் பதிலே சொல்லவில்லை. தலைக்குப் பின்னால் இருக்கும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் அவர் மனைவி கோமளா வந்தபோது சொன்னேன். தையல் வேலை செய்கிறவர். கை கழுவச் சொன்னால் விரலிடுக்கு உட்பட டாக்டர்களைவிட நன்றாகக் கழுவுவார். கணவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டே கேட்டவர், திடீரென்று, "தல வடக்கயாண்ணா இருக்கு?" என்றார்.

"எது?"

"பெட்டு. தல வெச்சிருக்கிற பக்கம் வடக்கான்னு அவரக் கேளுங்க."

கேட்டேன். முனிரத்தினம் அந்தச் சுவரை விட்டுக் கண்ணை இறக்கி, என்னைப் பார்த்து, பிறகு நிறுத்தி நிதானமாக மேலே பார்த்தார். இது நிஜமான ஆமாம். கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்தது.

"வாராத வாழ்வு வந்தாலும் வடக்கே தல வெக்காதேம்பாரு. எங்க வீடு ஒரே ரூம்பு. கட்டில வடக்கு தெக்கா போட்டா சொகமா நடக்கலாம். இவரு குறுக்கால போட்டு வாசல அடைச்சி வெச்சிருக்காரு. நான் கட்டிலேறித் தாண்டித்தான் கோலம் போடப் போவேன். பெங்களூர்ல எங்க விட்டாலும் தெச சொல்வாருண்ணா. ட்ராலில படுத்துக்கினே எண்ணியிருப்பாரு."

எண்ணித்தான் இருந்தார். வாசலிலிருந்து எத்தனை திருப்பம், எந்தப் பக்கம் என்று மூச்சுக்குத் திணறிக்கொண்டே கணக்கு வைத்திருக்கிறார். எனக்கு உடனே நம்பிக்கை வந்துவிட்டது. ஆட்டோக்காரர்களிடம் நாம் சந்தேகப்படுவது மீட்டரைத்தானே தவிர திசையை அல்ல.

இதை மேடத்திடம் எப்படிச் சொல்வது? படித்த மனுஷி, வடக்கு தெற்கு என்றால் சிரிப்பாரா, திட்டுவாரா? ஒத்திகை பார்த்துக்கொண்டு போய், வாசலில் எல்லாம் மறந்து, "மேடம், ஏழாம் பெட்டுக்கு வடக்கு ஒத்துக்கல" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. எழுந்து வந்து வழக்கம்போல் கால்மாட்டில் நின்றார். "முனிரத்தினம், தல வடக்கே இருக்குன்னுதான் தூங்க பயமா?" கேட்டுவிட்டுக் காத்திருந்தார். அவர் கேள்வி கேட்டால் பதில் வரும்வரை நிற்பார். அடுத்த கேள்வியை உள்ளே திணிக்க மாட்டார். ஆமாம் வந்தது. "மாத்தினா மருந்தில்லாம தூங்கப் பாப்பீங்களா?" ஆமாம்.

வெளியே வந்து என்னிடம் பேசினார். "ஆள நகர்த்தறது சும்மா இல்ல. குழாய் ஆடும், அதுல நிக்கிற தண்ணி உள்ள போகும், குழாயச் சுத்தி அடைச்சிருக்கிற பலூன் இறங்கும். இத்தன நாள் நுரையீரல சுத்தமா வெச்சிருக்கோம். ஆனா தினமும் கொடுக்கிற மருந்தும் அதே கதவைத்தான் தட்டுது. எதிர் வரிசைல ஒரு பெட் காலியானா பண்ணலாம். காலைல, நான் இருக்கும்போது."

எங்கள் ஐசியூவில் படுக்கைகள் இரண்டு வரிசை. ஆக்சிஜன் இணைப்புகள் சுவரில் இருப்பதால் எல்லாத் தலைமாடும் சுவரோரம். எதிர் வரிசைக்குப் போனால் தலைகீழ்த் திசை. அங்கே நான்காம் இடத்தில் இருந்த அம்மா தேறி வார்டுக்கு நடந்தே போனார். போகும்போது, "எனக்கப்புறம் யாரு வராங்க?" என்று கேட்டார், வாடகை வீட்டைக் காலி செய்கிறவர் மாதிரி.

அந்தக் காலையை நன்றாக எழுதிவிட வேண்டும். புதுப் பிள்ளைகளுக்கு உதவும்.

முதலில் பல் தேய்த்துவிட்டேன். தினமும் செய்வதுதான். சின்னப் பிரஷ், ஒரு கையில் உறிஞ்சு குழாய். ஒரு சொட்டும் தொண்டைக்குள் போகாமல் வெளிப்பல், உள்பல், நாக்கு. வாய் சுத்தமில்லாமல் ஆளை அசைக்கவே கூடாது. பிறகு வாயின் பின்பக்கம் தேங்கியதை உறிஞ்சினேன். தொண்டைக் குழாயைச் சுற்றி ஒரு குட்டி பலூன் உண்டு, கிணற்றில் அடைப்பு வைத்த மாதிரி. அதற்கு மேலே எச்சில் தேங்கி நிற்கும். பலூன் தளர்ந்தால் தேங்கியது கீழே இறங்கும், இறுகினால் மூச்சுக்குழாய்ச் சுவர் புண்ணாகும். மேலே தேங்கியதை எடுத்துவிட்டு, அளவு காட்டியைப் பொருத்தி, முள் பச்சைப் பட்டைக்குள் நிற்கிறதா என்று பார்த்தேன். நின்றது. என் கை ஆடியதில் ஆடியது முள்ளா கையா என்று தெரியாமல் இன்னொரு முறை பார்த்தேன்.

அப்புறம் தண்ணீர். இயந்திரம் தரும் காற்று ஈரமானது. நீளக் குழாயின் உள்ளே அது வியர்த்துச் சொட்டுச் சொட்டாய்ச் சேரும். கிருமி குடியிருக்கும் தண்ணீர். நோயாளியின் பக்கம் குழாயை உயர்த்தினால் மொத்தமும் நெஞ்சுக்குள். அதனால் அதை எப்போதும் தாழ்த்தி, சேர்ந்ததைக் குழாயின் நடுவில் மாட்டிய தண்ணீர்க் குப்பியில் வடித்துக் கொட்டிவிட்டுத்தான் நகர வேண்டும். கொட்டினேன். மூக்கு வழி உணவை முன்னாடியே நிறுத்தியிருந்தோம். ஆக்சிஜன் சிலிண்டர், வென்டிலேட்டர் பேட்டரி, கையால் அழுத்தும் பை, எல்லாம் சரி. தலைப்பக்கச் சாய்வை மேடம் இறக்க விடவில்லை. "சாய்வோடயே போகலாம். மெரவணிகெ மாதிரி" என்றார்.

மெரவணிகெ என்றால் கன்னடத்தில் ஊர்வலம். ஊர்வலம்தான். மேடம் தொண்டைக் குழாயைப் பிடித்துக்கொண்டார், ஒரு சிஸ்டர் சொட்டு மருந்துக் கம்பிகளை, அட்டெண்டர் இயந்திரத்தை, நான் படுக்கையை. நடு வழியில் ஒரு அலாரம் அடித்தது. நான் "ஐயோ" என்று கத்தினேன்.

"அது பக்கத்து பெட்" என்றார் மேடம்.

முனிரத்தினத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், சிக்னலில் கிளட்ச்சை விடத் தெரியாமல் தவிக்கும் புது டிரைவரைப் பார்ப்பது போல. படுக்கையை அரைவட்டம் திருப்பி எதிர்ச் சுவரில் சேர்த்தோம். மேடம் கால்மாட்டுக்கு வந்து, "இப்ப சரியா?" என்றார். மேலே பார்த்தார். சரி.

அன்றைக்கு மருந்தில்லாமல் தூங்கினார். அடுத்த நாளும். அதற்கடுத்த வாரம் விரல் நுனி ஒன்று அசைந்தது. இயந்திரத்தின் உதவியைக் குறைத்து, அவரே மூச்சிழுக்கப் பழக்க ஆரம்பித்தோம். நான் ஐசியூ முழுக்க, "நோயாளி சொல்றதக் கேக்கணும்" என்று உபதேசம் செய்துகொண்டு திரிந்தேன். தாங்க முடியவில்லை என்று இரண்டு சிஸ்டர்கள் டூட்டி மாற்றிக் கேட்டதாகக் கேள்வி.

அதுவரை ஊரில் அடைமழை. வானம் சாம்பல் மூட்டை. ஒரு சாயங்காலம் மேகம் விலகி வெயில் வந்தது. ஹாலின் கோடியில் ஒரே ஒரு பெரிய ஜன்னல். அதன் வழியாக வெயில் நீளமாக உள்ளே வந்து முனிரத்தினத்தின் வலது கையில் விழுந்தது. அழகாக இருந்தது. ரசித்தேன். ரசித்துக்கொண்டே யோசித்தேன். சாயங்கால வெயில் வருவது மேற்கு. வலது கைப்பக்கம் மேற்கு என்றால், அவர் பார்த்துக்கொண்டிருப்பது தெற்கு. எதிரே தெற்கு என்றால் தலை...

விரலை மடக்கி மறுபடி எண்ணினேன். அவர் படுத்த மாதிரி நானும் கையை விரித்து நின்று பார்த்தேன். சந்தேகமே இல்லை. தலை இப்போதுதான் வடக்கே இருந்தது. ஏழாம் பெட்டில் ராஜா மாதிரித் தெற்கே தலை வைத்துப் படுத்திருந்தவரை, ஊர்வலம் வைத்து, ஆக்சிஜன் சிலிண்டரோடு, தலைமை டாக்டர் குழாய் பிடிக்க, வடக்கே கொண்டுவந்து வைத்திருக்கிறோம்.

இத்தனை வருஷம் அந்த ஜன்னலில் மாலை வெயிலைப் பார்த்தவன் நான். அதை ஒரு திசையாக நினைத்ததே இல்லை. ஐசியூவில் எனக்குத் தெரிந்த திசைகள் இரண்டே: தலைமாடு, கால்மாடு.

பாய்ந்து போய் ஜன்னல் திரையை இழுத்தேன். "கண்ணு கூசும்ணா" என்றேன். அவர் கண்ணை மூடினார். கூசியதால் என்று எடுத்துக்கொண்டேன். அதன் பிறகு என் டூட்டியில் வெயில் இறங்குகிற நேரம் வந்தால் எந்த வேலையிலும் இருக்க மாட்டேன். திரையோரம் நிற்பேன். டூட்டி இல்லாத நாளில் சிஸ்டருக்குப் போன் செய்து, "திரை, திரை" என்பேன். தெரிந்துவிட்டால் தூக்கம் போகும், மருந்து திரும்பும், எல்லாம் முதலிலிருந்து. இன்னொரு முறை நகர்த்துகிற துணிச்சல் எனக்கில்லை.

அப்போதுதான் காய்ச்சல் வந்தது.

காலையில் உடம்பு சுட்டது. உறிஞ்சி எடுத்த சளி கெட்டியாக, பழுத்த மஞ்சளில் வந்தது. ஆக்சிஜன் முன்னைவிடக் கூடுதலாகத் தேவைப்பட்டது. எக்ஸ்-ரேயில் வலது நுரையீரலின் அடியில் ஒரு மூட்டம். எதற்காக இத்தனை நாள் பல் தேய்த்தோமோ, தண்ணீர் வடித்தோமோ, அது வந்தேவிட்டது.

சாயங்காலம் கோமளா ஐசியூ வாசலிலேயே என்னைப் பிடித்தார். "எடம் மாத்தினது தப்பாப் போச்சாண்ணா? நாந்தான சொன்னேன். வாய வெச்சிக்கினு சும்மா இருந்திருந்தா..."

  "நீங்க சொன்னதாலதாம்மா அவரு மருந்தில்லாம தூங்கினாரு" என்றேன். அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. "கை கழுவிட்டு உள்ள வாங்க. உங்க கை பட்டா அவருக்கு நாடி இறங்குது. நான் மானிட்டர்ல பாத்திருக்கேன்." அது முழு உண்மை.

அவரை உள்ளே உட்கார வைத்துவிட்டு நேராக மேடத்தின் அறைக்குப் போனேன். நிமோனியாவின் காரணங்களை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்த ஆள், மேஜை முன்னால் நின்று சொன்னேன்: "மேடம், வடக்கு."

"என்ன வடக்கு?"

எல்லாவற்றையும் கொட்டினேன். வெயில், வலது கை, திரை, போன். கடைசியில், "வடக்கே வெச்சதாலதான் வந்திருக்கும் மேடம்" என்று நானே சொல்வதை நானே கேட்டேன்.

 மேடம் மேஜையில் நெற்றியை வைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சும்னிரி, தாமோதரன்" என்றார். சும்மா இருங்கள் என்று கன்னடத்தில்.

"காரணம் வேணுமா? பீடி குடிச்சவரு. ஆரம்பத்துல தினம் மயக்க மருந்து. இருமவே முடியாத உடம்பு. குழாய் உள்ள இருக்கிற ஒவ்வொரு நாளும் ஒரு காரணம். நாம நகர்த்தினதும் ஒரு காரணமா இருக்கலாம், இல்லன்னு சொல்ல மாட்டேன். அதுக்கு சம்மதிச்சது நான், நீங்க இல்ல. எல்லாம் சேர்ந்து வர்றது இது. ஒரே ஒரு குத்தவாளி கிடைச்சா நமக்கு நிம்மதி. கிடைக்காது." எழுந்து நின்றார். "ஆழத்துல இருந்து எடுத்த சளி சாம்பிள் லேபுக்குப் போச்சா? மருந்து ஆரம்பிச்சாச்சா? அப்ப வாங்க, சளிய எழுப்பலாம்."

போனோம். பிசியோகாரரோடு சேர்ந்து பக்கம் மாற்றி மாற்றிப் படுக்க வைத்து, முதுகில் தட்டி, சளியை மேலே ஏற்றி உறிஞ்சி எடுத்தோம். வாய், பலூன், தண்ணீர், சாய்வு, எல்லாம் முன்னைவிடக் கறாராக. லேபிலிருந்து கிருமியின் பெயர் வந்ததும் மேடம் அதற்கேற்ற ஒரே மருந்தாக மாற்றினார். கோமளா தினமும் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, ஏரியாவில் யாருக்கும் யாருக்கும் சண்டை, எந்த ஆட்டோ யார் மேல் இடித்தது என்று கணவர் காதில் ஒப்பித்தார். நானும் நின்று கேட்பேன். அல்சூர் அரசியல் முழுக்க எனக்கு அத்துப்படியானது.

காய்ச்சல் இறங்கியது. ஒரேயடியாக அல்ல, ஏறி இறங்கி, என்னைச் சோதித்துவிட்டு இறங்கியது. மூட்டம் கரைந்தது. அவராக மூச்சு விடும் நேரம் நீண்டுகொண்டே போய், ஒருநாள் இயந்திரம் பக்கத்தில் வெறுமனே நின்றது. விழுங்கும் சோதனையிலும் தேறினார்.

குரல் வந்த நாள் ஒரு சாயங்காலம். மேடம் பலூனின் காற்றை இறக்கி, தொண்டைக் குழாயின் வாயில் பேசுவதற்கான சின்ன மூடியைப் பொருத்தினார். "மெதுவா. ஒரு வார்த்தை போதும்."

உதடு அசைந்தது. காற்று வந்தது. பிறகு துருப்பிடித்த கேட் திறப்பது போல், "கோமு" என்றார்.

கோமளா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி, வழக்கமான என் கடமையைச் செய்யப் போனேன். வெயில் இறங்குகிற நேரம். பின்னாலிருந்து அதே கேட் மறுபடி திறந்தது.

"மூடாதீங்க, பிரதர். வெயிலு வரட்டும்."

திரையைப் பிடித்த கை அப்படியே நின்றது. "உங்களுக்கு... தெரியுமாண்ணா?"

ஒவ்வொரு மூச்சுக்கு இரண்டு மூன்று சொல்லாக வந்தது. "மொத நாளு வெயிலு கையில பட்டுச்சு. நம்பல. நீங்க பாஞ்சி போய் மூடினீங்க பாருங்க... அப்ப நம்பிட்டேன்."

"ஏண்ணா சொல்லல?"

"நீங்க கேக்கவேயில்லையே. கண்ணு கூசுதான்னுகூடக் கேக்கல." மூச்சு வாங்கினார். "உங்க லிஃப்டுக்கு ரெண்டு கதவாம். சிஸ்டருங்க பேசிக்கினாங்க. ஏறின வழியே எறங்கினோம்னு நெனச்சிட்டேன். அதோட எல்லாம் தலகீழு."

"தெரிஞ்சும் எப்படித் தூங்கினீங்க?"

கண்ணால் மேடத்தைக் காட்டினார். "அத்தன பேரு சேந்து தள்ளிக்கினு வந்தீங்க. மேடம் வந்து சரியான்னு கேட்டாங்க. மறுபடி மாத்துங்கன்னு எப்பிடிக் கேக்கறது? நீங்க வேற அன்னிக்கி நடுங்கின நடுக்கத்துல... பெட்டே அதிர்ந்துச்சு பிரதர். எனக்கு வலிப்பு வந்துச்சோன்னு பயந்துட்டேன்."

மேடம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அப்போதுதான் கோமளாவுக்கு விஷயம் போய்ச் சேர்ந்தது.

"இருங்க. அப்ப இத்தினி நாளா வடக்கயா படுத்திருந்தீங்க?"

"ஆமாடி."

"வீட்ல அந்தக் கட்டில எத்தினி வருசமா நான் தாண்டறேன்! முட்டி பேந்து போச்சு! இங்க வந்து வடக்கே தல வெச்சிக்கினு கொறட்ட விட்டீங்களா?"

முனிரத்தினத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு தொண்டைக்கு வந்து இருமலாக மாறியது. என் கை தானாக உறிஞ்சு குழாயை நோக்கிப் போனது. மேடம் திரும்பாமலே என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

மறுபடி இருமினார். இந்த முறை அடிவயிற்றிலிருந்து. மெலிந்த நெஞ்சுக்கூடு மொத்தமாக எழும்பி, முகம் சிவந்து, உள்ளே இருந்ததைத் தானே வாய்வரை கொண்டுவந்தார். கோமளா திட்டிக்கொண்டே டவலை நீட்டினார். அதில் துப்பினார். மேடம் டவலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"வெள்ளை" என்றார் என்னிடம். "இனிமே இத அவரே பாத்துப்பாரு."